பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

எக்ஸ்ரே அறையில் நான் எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு மாமியார்கள் பதில் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வந்த மாமியார் தனபாக்கியம். மல்லிப்பட்டினத்தில் மீன் விற்பவர். பேரன் ஜெகன், மூன்று வயது, அம்மாவின் தோட்டுத் திருகாணியை விழுங்கிவிட்டான். ரோடெல்லாம் நெல் காயப்போட்டிருந்ததால் தஞ்சாவூர் வந்து சேர நேரமாகிவிட்டதாம். படம் எடுக்கும்போது பையனை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும். தினம் நாற்பது படம் எடுக்கும் நான் பிடித்தால் என் உடம்பில் கதிர் சேர்ந்துகொண்டே போகும்; அதனால் பிடிக்கக் கூடாது. அம்மா கனகா முன்னால் வந்தாள்.

"மாசமா இருக்கீங்களா?" என்று அவளைக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றார் தனபாக்கியம். "இவனுக்கு அப்புறம் ரெண்டு தடவை தங்கல. நீங்க படத்த எடுங்க."

கனகா தரையைப் பார்த்தாள். ஈய அங்கியை மாட்டிவிட்டேன். "இன்னொரு அங்கி இருந்தா அதையும் மேல போட்டுக்கவா அக்கா?" என்று காதோடு கேட்டாள்.

அப்படியென்றால் மாசமாகத்தான் இருக்கிறாள். அங்கியைத் தாண்டிப் போகும் கதிர் அற்பம்தான். ஆனாலும் கர்ப்பிணி பிடிக்கக் கூடாது என்பது விதி. இதுவும் தங்காமல் போனால் ஆயுசுக்கும் இந்த அறையைத்தான் நினைத்து அழுவாள். மாமியாரை வைத்துக்கொண்டு நேராகக் கேட்கவும் முடியாது.

"அம்மாவப் பாத்தா பையன் இன்னும் அழுவான். பாட்டி, நீங்க வாங்க!" என்று அதட்டினேன். அங்கியை அவருக்கு மாட்டி, கனகாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

தனபாக்கியத்தின் கை உடும்புப்பிடி. ஒரே படத்தில் முடிந்தது. திருகாணி இரைப்பைக்குப் போய்விட்டிருந்தது; இனி தானாக வெளியே வந்துவிடும்.

அங்கியைக் கழற்றும்போது மெதுவாகக் கேட்டார்: "கதிரு அவ மேல படலல்ல?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சுமா இல்லேன்னு சொன்னீங்க? அவங்களையே நிக்க வச்சிருந்தா?"

"அவ இன்னும் எங்கிட்ட சொல்லலம்மா. வாந்தி எடுக்குறது கேக்கக் கூடாதுன்னு குழாயத் தொறந்து விட்டுக்குறா. போன ரெண்டு தடவையும் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நாந்தான். நான் வாய வச்சதாலதான் தங்கலன்னு நெனைக்கிறா." ஜெகனின் சட்டைப் பொத்தானைப் போட்டார். "நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "ஊருக்குச் சொல்ல வேணாம். எங்ககிட்ட மட்டும் மறைக்காதீங்க," என்றேன். தலையாட்டிவிட்டு, பேரனைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

கனகா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அத்தைகிட்ட எதுவும் சொல்லலையே அக்கா?"

"நான் எதுவும் சொல்லலம்மா," என்றேன்.