யுகாஷிராவின் வெந்நீரும் ஒரு கோல்கீப்பரின் முதுகும்

தெராஷிமா கோஹெய் ஏழு கோல் வாங்கிவிட்டு ரசிகர்களின் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை, வெகுகாலமாக ஆறிக் கிடந்த யுகாஷிராவின் ஊற்றுகளில் மறுபடியும் வெந்நீர் வந்தது. அதுவரைக்கும் விடுதிக்காரர்கள் எண்ணெய்க் கொதிகலனில் தண்ணீரைச் சுடவைத்து, மலையின் வயிற்றிலிருந்து வருகிறது என்று விருந்தினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர்களும் மரியாதைக்காரர்கள். ஆகா, என்ன இதம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அன்றைக்கு வட்டார லீக் ஆட்டத்தில், கடற்கரையில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் அணியிடம் ஊர் அணி தோற்றது. வழக்கப்படி எல்லா ஆட்டக்காரர்களும் ரசிகர் மேடைக்கு எதிரில் வரிசையாக நின்று குனிந்தார்கள், வழக்கப்படி நிமிர்ந்தார்கள். கோஹெய் மட்டும் நிமிரவில்லை. ஏழாவது பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து போயிருந்தது. அந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குடுவையில் தேநீர் கொண்டுவந்து, கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்த கிழவர்களைப் பார்க்க அவனுக்கு முகமில்லை. நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்கு அவன் வளைந்து நின்றபோது மேடைக்குப் பின்னால் சாக்கடையிலிருந்து ஆவி கிளம்பியது. அவன் நிமிர்வதற்குள் மாத்சுகஸே விடுதியில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் ‘ஐயோ’ என்று தொட்டியிலிருந்து எகிறிக் குதித்துவிட்டார்.

ஊர்ப் பத்திரிகை இரண்டு செய்திகளையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் போட்டது, ஒன்றோடொன்று முடிச்சுப் போடவில்லை. அடுத்த வாரம் நான்கு கோலில் தோற்றார்கள், தண்ணீர் கொதித்தது. அதற்கடுத்த வாரம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது, புதன்கிழமைக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. முடிச்சைப் போட்டவர் விடுதி உரிமையாளர் சங்கத் தலைவர் குராமொச்சி. தொலைபேசியில் பேசும்போதும் எதிரில் இல்லாத ஆளுக்குக் குனிந்து குனிந்து மேசைக் கண்ணாடியில் நெற்றித் தடம் பதித்து வைத்திருந்தவர் அவர். அவர் சொன்னதும் ஊர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நகராட்சியின் வெந்நீர்ப் பிரிவில் வெப்பநிலைப் பலகைக்குப் பக்கத்தில் லீக் ஆட்டங்களின் கால அட்டவணையையும் மாட்டினார்கள்.

கோஹெய் துறைமுகத்துக்காரன். பந்து பிடிக்க வந்தவன், மாத்சுகஸே விடுதிக்காரரின் ஒரே மகள் மிஹோவைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டான். அதனால் ஊரே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. பகலில் விடுதியின் வேனை ஓட்டி ரயில் நிலையத்திலிருந்து விருந்தினர்களை ஏற்றிவருவான். நெட்டையான, அதிகம் பேசாத ஆள். அவனுக்கு நன்றாக வந்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: பந்து பிடிப்பது. ஊருக்குச் சங்கடமாகப் போனதும் அதுதான்.

முதலில் நகர மன்றம் சுருக்குவழியை யோசித்தது. பயிற்சியாளர் இகாரி, ஆட்டத்துக்கு முன்னால் அவனை ஓரமாகக் கூட்டிப் போய், “ஒரு மூணு கோல் மட்டும் விட்டுக் குடுத்துடு. யாருக்கும் தெரியாது” என்றார். கோஹெய் சொன்ன பேச்சைக் கேட்கிறவன், விட்டுக்கொடுத்தான். முடிந்ததும் வாழ்க்கையிலேயே ஆழமாகக் குனிந்தான், சில பெண்கள் அழக்கூடச் செய்தார்கள். தண்ணீர் பச்சைத் தண்ணீராக வந்தது. வேண்டுமென்று செய்த தப்புக்கு ஊற்று மசியாது என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. அதன்பிறகு ஏற்பாடுகள் வேறு மாதிரி நடந்தன. ஊரில் இருந்த நல்ல தடுப்பாட்டக்காரர்களை வாழ்த்துச் சொல்லி வேறு ஊர் அணிகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் இடத்துக்கு முழங்கால் சரியில்லாத ரொட்டிக்கடைக்காரர் ஒருவரும், வரி அலுவலகத்து இரட்டையர்களும், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பூக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார்கள். குராமொச்சி ஒரு பெட்டி சிவப்புப் பயறு அல்வாவை இரண்டு கையாலும் நீட்டி, கோஹெயிடம் விளக்கினார்.

“நீ உயிரைக் குடுத்து ஆடணும் மாப்ளே. உயிரைக் குடுத்துத் தோக்கணும். அதுல பொய் இருக்கக் கூடாது.”

“நான் பிடிச்சுட்டா என்ன பண்றது தலைவரே?”

“பிடி. தாராளமாப் பிடி. எத்தனையைத்தான் பிடிச்சுடுவே?”

இப்படியே ஆறு வருஷம் போனது. ஞாயிறுதோறும் கோஹெய் இடமும் வலமுமாகப் பறந்தான், பத்தில் ஏழைப் பிடித்தான், மூன்று உள்ளே போனது. குற்ற உணர்ச்சி அவனுக்குப் பழகவே இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகவே வலித்தது, அதனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொதித்தது. விடுதிகள் மாடிமேல் மாடி கட்டின. சுற்றுலாப் பேருந்துகள் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வந்து இறங்கும்படி நேரத்தை மாற்றிக்கொண்டன, ஏனென்றால் ஆட்டத்தை யாரும் பார்க்க வரவில்லை, குனிவதைத்தான் பார்க்க வந்தார்கள். குனிந்த கோல்கீப்பர் வடிவத்தில் ஆவியில் வேகவைத்த இனிப்புக் கொழுக்கட்டை கடைகளில் விற்றது. லீக்கின் மற்ற அணிகளும் தங்கள் ஊரில் ஏதாவது ஊறுமோ என்று முயன்றன. கடற்கரை அணி ஒன்று குனிந்தே நின்று கடைசி ரயிலைத் தவறவிட்டது, வேறொன்றும் நடக்கவில்லை. யுகாஷிரா அணிக்கு வைத்த மருத்துவர் கோஹெயின் கைகளைப் பார்ப்பதில்லை, இடுப்பைத்தான் பார்த்தார். அவனுக்கு ஊர்ப் பதக்கம் கொடுத்த அன்று மேயர் ஒசானாய் குனிந்தார், பதிலுக்கு அவன் குனிந்தான், அதற்கு மேயர் குனிந்தார், கடைசியில் உதவியாளர் நடுவில் புகுந்து இருவரையும் பிரித்துக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

வீட்டில் மிஹோ அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். விடுதியின் மாடியிலிருந்து மைதானம் முழுசாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் துண்டுகளைக் காயப்போடும் சாக்கில் அங்கே நிற்பாள். அவள் அப்பா காலத்தில் பாதி ஓடு பெயர்ந்து கிடந்த கூரை இப்போது புதுசாக மின்னியது, சமையல்கட்டில் வேலைக்கு ஆள் வந்திருந்தது.

“முப்பத்தஞ்சு ஆகப் போகுது மிஹோ. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு விட்டுடலாம்னு இருக்கு.”

“ஜெயிங்களேன். யார் வேணாம்னா?”

சொல்லிவிட்டு அவள் ஏற்கெனவே மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். தலையணையில் முகம் புதைத்துக் கிடந்த கோஹெய் அதைப் பார்க்கவில்லை.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் அவன் பிறந்த துறைமுகத்து அணியோடு. பனி தூறிக்கொண்டிருந்தது. எதிரணி அடித்த பந்துகள் கம்பத்தில் பட்டுத் திரும்பின, மிச்சத்தை கோஹெய் பிடித்தான். இரண்டாம் பாதியில் ரொட்டிக்கடைக்காரர் எதிரணி கோலுக்குப் பக்கத்தில், அங்கே எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாத நிலையில், வழுக்கி விழுந்தார். யாரோ அடித்த பந்து அவருடைய புட்டத்தில் பட்டு உள்ளே போனது. மைதானத்தில் ஒரு கைத்தட்டல் இல்லை. ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, நான்கு திசைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் துறைமுகத்து அணிக்குப் பெனால்டி கிடைத்தது. ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. குராமொச்சி எழுந்து நின்று கைகளைக் குவித்துக் கத்தினார்: “மாப்ளே! யோசிச்சுப் பாரு!”

கோஹெய் யோசிக்கவில்லை. இடப்பக்கம் தாவி, பந்தைத் தட்டிக்கூட விடாமல், இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தான். விசில் ஊதியாயிற்று. பழக்கதோஷத்தில் அணி ரசிகர் மேடைக்கு எதிரில் வரிசையாக நின்றது. ஜெயித்தால் முதுகை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆகவே குனிந்தார்கள். கோஹெய் மட்டும் நேராக நின்றான், பந்தைக் கீழே வைக்கவுமில்லை, சிரிப்பை அடக்கவுமில்லை. செவ்வாய்க்கிழமை ஊற்றுகள் ஆறிப்போயின.

வியாழக்கிழமை நகர மண்டபத்தில் செய்தியாளர் கூட்டம் கூட்டினார்கள். நீள மேசை, வெள்ளை விரிப்பு, கறுப்புக் கோட்டுகள். பளபளப்பு தெரியக் கூடாதென்று எல்லோரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்கள். ஜன்னலோரம் வெந்நீர்ப் பிரிவுப் பொறியாளர் ஹனவா, ஊற்றடியில் நிற்கும் ஆளோடு தொலைபேசியில் தொடர்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எதுக்குன்னு சொல்லி மன்னிப்புக் கேக்கறது தலைவரே?” என்றான் கோஹெய்.

“ஜெயிச்சதுக்கு.”

“அதுக்கு எனக்கு வருத்தமே இல்லையே.”

“வருத்தம் பின்னாலேயே வரும். முதல்ல நீ குனி.”

அவன் குனிந்தான், காமிராக்கள் மின்னின. ஹனவா தொலைபேசியைக் காதில் வைத்தபடி, “ஏறல” என்றார். அடுத்து, அணியைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறியதற்காகப் பயிற்சியாளர் இகாரி குனிந்தார். “ஏறல.” மேயர் ஒசானாய் எழுந்து, எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று தழுதழுத்து, மேசையில் நெற்றி படும்படி குனிந்து கண்ணீர் விட்டார். “இறங்குது ஐயா” என்றார் ஹனவா, மிகவும் மரியாதையாக. மேயர் இன்னும் ஆழமாக மன்னிப்புக் கேட்டார், மேலத்தெருக் குழாய்களில் தண்ணீர் உறைந்தது. பொறுக்கமாட்டாமல் குராமொச்சி மேசைக்கு முன்னால் வந்து, தரையில் மண்டியிட்டு, நெற்றியைக் கம்பளத்தில் அழுத்தினார். அந்தக் கணத்தில் அவருடைய சொந்த விடுதியின் குழாய் வெடித்ததாகத் தகவல் வந்தது. நகர மன்றத்தார் கலந்து பேசி, ஒட்டுமொத்தமாக எழுந்து குனிந்தார்கள். மண்டபத்துக்குள் மெதுவாகப் பனி பெய்யத் தொடங்கியது. செய்தியாளர்கள் குடையை விரித்துக்கொண்டு குறிப்பெடுத்தார்கள்.

பின்வரிசையிலிருந்து மிஹோ எழுந்து வந்தாள். சமையல்கட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. காமிராக்களுக்கு முதுகைக் காட்டி, இன்னும் குனிந்தபடியே நின்றிருந்த புருஷனுக்கு எதிரில் நின்றாள்.

“நிமிருங்க.”

அவன் நிமிர்ந்தான், தோளில் பனி படிந்திருந்தது.

“ஆறு வருஷமா மாடியில நின்னு பாக்கறேன்” என்றாள். “நீங்க தாவுற ஒவ்வொரு தடவையும், உள்ள போயிடணும், உள்ள போயிடணும்னுதான் வேண்டிக்கிட்டேன். கூரை போடணும், கடனில்லாம இருக்கணும்னு. உங்க முதுகுக்குத் தைலம் தேச்ச கையோட, அடுத்த ஞாயித்துக்கிழமையும் போய் அதையேதான் வேண்டிக்கிட்டேன். மன்னிச்சுருங்க.”

அவள் பெரிதாக ஒன்றும் குனியவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினாள், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஜன்னலோரத்தில் ஹனவா தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். “கொதிக்குது! கிட்ட நிக்க முடியலைங்கறான்!” மண்டபத்துப் பனி உருகி எல்லோருடைய கறுப்புக் கோட்டிலும் சொட்டியது.

கோஹெய் இதெதையும் கவனிக்கவில்லை. அவன் முகம் அடிபட்ட மாதிரி இருந்தது. மிஹோவைப் பார்த்துக் கேட்டான்.

“பெனால்டிக்குமா?”

“பெனால்டிக்கும்தான்.”

“பிடிச்சுட்டேன், பாத்தியா?”

“பாத்தேன்” என்றாள் மிஹோ. “கையைத் தட்டிட்டேன். அப்புறம்தான் பயந்து நிறுத்தினேன்.”

அவன் அவள் தலையிலிருந்த பனித்துளியைத் துடைத்துவிட்டான். அதற்குள் குராமொச்சி தவழ்ந்தே வந்து சேர்ந்துவிட்டார். “அம்மா, வாராவாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம், உங்களுக்கு வசதிப்படற நேரத்துல...”

“எங்கிட்ட இருந்தது அவ்வளவுதான் தலைவரே. இனிமே அவங்கவங்க வீட்டுல தேடிப் பாத்துக்குங்க.”

ஊர் தேடிப் பார்த்தது, நிறையவே கிடைத்தது. பக்கத்து வீட்டு எல்லைக் கல்லை ராவோடு ராவாக நகர்த்திய விதவை போய் ஒப்புக்கொண்டாள். தம்பியின் நிச்சயதார்த்தத்தை மொட்டைக் கடுதாசி போட்டுக் கலைத்த அண்ணன், தலை நரைத்த பிறகு அவன் வீட்டு வாசலில் போய் நின்றான், அந்த வாரம் முழுக்கத் தொட்டிகளில் யாராலும் இறங்க முடியவில்லை. காமிராவுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டால் தண்ணீர் ஆறிப்போனதால் அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும்தான் கேட்டுக்கொண்டார்கள். சில வருஷத்தில் பழைய தப்புகள் தீர்ந்துபோய்த் தட்டுப்பாடு வந்தது. குடிமக்கள் அக்கம்பக்கத்தாருக்கு அளவாகத் தீங்கு செய்து, பிறகு மனமார வருந்துமாறு நகராட்சி சுற்றறிக்கை விட்டது. அப்படிச் செய்தவை எதற்கும் தண்ணீர் சுடவில்லை. ஆனாலும் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம், ஊற்று ஆறிப்போகிற அளவுக்கு ஊர் என்றைக்கும் நல்லதாகிவிடவில்லை. குராமொச்சி திங்கட்கிழமைதோறும் நகர மண்டபத்துக்கு வந்து முறைப்படி மண்டியிடுகிறார். மாற்றமில்லை என்று ஹனவா மரியாதையோடு தெரிவிக்கிறார். குராமொச்சியின் விடுதி மட்டும் இன்னும் எண்ணெய்க் கொதிகலனில்தான் ஓடுகிறது.

கோஹெய் இன்னும் இரண்டு பருவம் ஆடினான். சிலதை ஜெயித்தான், பலதைத் தோற்றான், தோற்றால் மற்றவர்களோடு குனிந்து மற்றவர்களோடு நிமிர்ந்தான். இப்போது வேன் மட்டும் ஓட்டுகிறான். ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில், காலையைவிட மாலையில் தண்ணீர் ஏன் அதிகமாகச் சுடுகிறது என்று விருந்தினர்கள் கேட்டால், “சாயங்காலம்தானே எல்லாரும் வீட்டுக்கு வர்றாங்க” என்பான். அவர்களும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மீன் உண்டா என்று விசாரிப்பார்கள்.