கையைத் தூக்கியவள்

டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். பஸ் ஓட்டுவதில் கெட்டிக்காரர்தான். வாயைத் திறந்தால் மட்டும் பிரேக் பிடிக்காது. ஒரு மாதமாகப் பேச்செல்லாம் மகளைப் பற்றியே. துள்ளுவலையில் எம்பிக் குதித்துச் சுழலும் டிராம்போலின் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். பதக்கம் கழுத்தில் ஏறிவிட்ட மாதிரியே கண்டக்டர், மெக்கானிக், கேன்டீன்காரர் என ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார்.

வீட்டில் அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வயது. வலிக்கிறது என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. ஒருமுறை கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போன பிறகுதான் பெற்ற தாய்க்கே விஷயம் தெரிந்தது.

போட்டியன்று ஹாரனும் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மேலே எழும்பினாலே மனைவி கண்ணை இறுக மூடிக்கொள்வாள். முடிந்ததும் இவர் முழங்கையால் இடித்துச் சொல்ல வேண்டும்.

இறுதிச் சுற்றுக்கு முன் பயிற்சிக் குதிப்பு நடந்தது. உயரப் போய்ச் சுழன்றவள் நடுவை விட்டு விலகி, கழுத்தும் தோளுமாக ஓரத்து மெத்தையில் வந்து விழுந்தாள். அரங்கமே பதறி இருக்கை நுனிக்கு வந்தது. அவளோ எழுந்து உட்கார்ந்து, சிரித்துக் கட்டைவிரலைக் காட்டினாள். கைதட்டல் எழுந்தது. போன உயிர் திரும்பிவந்த ஹாரன், ஒன்றுமில்லை, எழுந்துவிட்டாள் என்று மனைவியை இடித்தார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அவளை அழைத்தது. டிராம்போலின் சட்டத்தின் மேல் கை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு அரங்கின் ஓரத்தில் பெட்டியோடு நின்ற முதலுதவிக்காரம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்பதுதான் ஹாரனுக்கு முதலில் தோன்றியது. அப்படி நினைத்த தன்னையே திட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார். அதற்குள் அந்தம்மா மகளின் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அசையாமல் பிடித்திருந்தாள். தலையை ஆட்டாமல் வாயால் மட்டும் பதில் சொல்லச் சொன்னாள்.

"ரெண்டு கை விரல்லயும் எறும்பு ஊறுற மாதிரி இருக்கு. விழுந்தப்ப இல்ல, இப்பதான்" என்றாள் மகள்.

அந்தம்மாவோடு வந்த உதவியாளர், அவள் விழுந்த விதத்தையும் அந்த வார்த்தைகளையும் அப்படியே எழுதிக்கொண்டார். கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் கிடத்தி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மருத்துவமனையில் டாக்டர் அந்தக் குறிப்பைப் படித்ததுமே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

கழுத்துப் பகுதி முதுகெலும்பில் மெல்லிய விரிசல். எலும்பு நகரவில்லை, பட்டை போட்டால் கூடிவிடும் என்றார். பிறகு ஹாரனைத் தனியாக அழைத்து, "இதோட ஏறிக் குதிச்சிருந்தா நாம இப்ப வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்போம். உங்க பொண்ணு சரியான நேரத்துல வாயைத் திறந்துட்டா" என்றார்.

ஹாரன் மகளிடம் திரும்பி வந்தார். கட்டிலருகே போய், எதையும் வெளியே சொல்லாதவள் இன்றைக்கு எப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

"வலின்னா பல்லைக் கடிச்சிருப்பேன்பா. இது வலி இல்ல. கழுத்துல அடிபட்டு விரல் மரத்துப்போனா அந்த நிமிஷமே சொல்லணும்னு கோச் தினமும் கத்துவாங்க." கூரையைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "நீங்க டிப்போ பூரா சொல்லி வச்சிருக்கீங்க. அதை நினைச்சப்பதான் கை எழும்பவே மாட்டேன்னுச்சு."

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டிப்போவில் கண்டக்டர் பதக்கம் எங்கே என்றார். மெக்கானிக்கும் எட்டிப் பார்த்தார்.

"பதக்கம் இல்லப்பா" என்றார் ஹாரன். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "ஊரே பாத்துக்கிட்டிருக்கு, பேரையும் கூப்பிட்டாச்சு, அப்ப கையைத் தூக்கி எனக்கு முடியலன்னு சொன்னா. எனக்கு அந்த தைரியம் வந்திருக்காது. எம் பொண்ணுக்கு வந்துச்சு."

விரிசல் கூடி ஆறப் பல வாரங்கள் ஆயின. டாக்டர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகே தவளை மறுபடி குதித்தாள். மனைவி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். ஹாரன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.