வெங்காய வியூகம்

பிண்டல்லா வெள்ள மீட்புப் படைக்கு டாரில் பிக்கரிங் பதினோரு ஆண்டுகளாகத் துணைத் தலைவர். அத்தனை ஆண்டுகளில் அவர் உருப்படியாகச் செய்தது ஒரு விதி எழுதியதுதான்: "வெள்ளை மேலங்கி யார் மேல் இருக்கிறதோ அவர் சொல்வதே கட்டளை. அது இல்லாதவர் பொதுமக்கள்."

தலைவர் மீன்பிடிக்கப் போன வாரம் பார்த்து ஆறு பெருகியது. நாலு மணிக்குப் பாலம் முழுகிவிடும். அதற்குள் கரையோரப் பூங்காவிலிருந்து பதினான்கு கேரவன் வண்டிவீடுகளும் பாலத்தைத் தாண்டி மேட்டுக்கு வந்தாக வேண்டும். வெள்ளை மேலங்கி முதன்முறையாக டாரில் மேல் ஏறியது. கண்ணாடியில் மூன்று தடவை பார்த்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு அதன் மேல் தக்காளி சாஸ் ஏறியது.

"கழட்டு செல்லம், கறை பிடிச்சுடும்," என்றார் தொண்டர்களுக்கு வெங்காயத்தோடு சாசேஜ் சுட்டுக்கொடுக்க வந்த நோலீன். டாரில் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு சோப்பு தேடப் போனார். எண்ணெய் தெறிக்கிறதே என்று நோலீன் அதையே எடுத்து மாட்டிக்கொண்டார்.

டாரில் திரும்பி வந்தால் படைக் கொட்டகை வாசலில் கயிறு. காவலுக்கு நின்ற ஃபெர்கஸ் கையை நீட்டி மறித்தான்.

"பொதுமக்கள் கயித்துக்கு அந்தப் பக்கம்."

"டேய், நான்தாண்டா தலைவர்!"

"மேலங்கி எங்க?"

"அந்தம்மா போட்டிருக்காங்க!"

"அப்போ அவங்கதான் தலைவர், தோழரே. நீங்க எழுதினதுதானே? சுவத்துல ஒட்டியிருக்கு. லாமினேஷன் வேற."

உள்ளே வயர்லெஸ் அலறியது. பூங்காவுக்குப் போயிருந்த தொண்டன் வாரிக். "தலைவரே, பதினாலும் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நிக்குது! யாரை முதல்ல விடறது?"

யாரோ வயர்லெஸ்ஸை நோலீன் வாயருகே பிடித்தார்கள். அவர் கண்ணோ சாசேஜுக்கு முண்டியடித்த கூட்டத்தின் மேல். "வெங்காயம் வேணுங்கிறவங்க இடது பக்கம்! வேணாங்கிறவங்க வலது பக்கம்! வம்பு பண்றவன் கடைசி!"

வயர்லெஸ் கரகரத்தது.

"சரி தலைவரே," என்றான் வாரிக்.

"அது சாசேஜுக்குடா!" என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து டாரில் கத்தினார். வெள்ளக் காலத்தில் பொதுமக்கள் கத்துவது சகஜம் என்பதால் யாரும் திரும்பவில்லை.

வாரிக் கேரவன் கேரவனாகத் தட்டி, வெங்காயம் பிடிக்குமா என்று கேட்டான். கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்பவனிடம் இப்படிக் கேட்டால் பாவம், அவனுக்குச் சண்டை மறந்துவிடுகிறது. ஒன்பது பேர் இடது. மீதி ஐந்து பேருக்கு வலப்பக்கமும் ஒரு வாசல் இருந்தே ஆக வேண்டுமே என்று வாரிக் தேடியதில், புதர் மூடிய பழைய கேட் ஒன்று அகப்பட்டது.

மூன்று ஐம்பதுக்குப் பதினான்காவது கேரவன் பாலத்தைத் தாண்டியது.

கயிற்றைத் தாண்டிப் பொதுமக்கள் போக ஒரே வழி சாசேஜ் வரிசைதான். டாரில் அதில் நின்று, பாலம் முழுகிய நேரத்துக்கு நோலீனிடம் வந்து சேர்ந்தார்.

"என் மேலங்கி..."

"வெளிய நின்னு கத்தினது நீதானே, செல்லம்?"

"ஆமா."

"கடைசி."

டாரில் சுவரைப் பார்த்தார். லாமினேஷன் பளபளத்தது. கட்டளைக்குப் பணிந்து கடைசிக்குப் போனார்.