வெள்ளிக்கிழமை முட்டை

குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள் தயாளினி. தலைக்குத் தோய்ந்த ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு, ஒரு கையில் சிரட்டை நிறையப் பாலும் மறு கையில் ஓர் ஊர்முட்டையுமாக, அவளுடைய மச்சாள், கணவனின் தமக்கை குணலட்சுமி, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குனிந்து பக்கத்துக் காணிக்குள் போனாள். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போய்ப் பழகிய குனிவு அது. இடுப்பில் இருந்த கோகுலன் நிலத்தைப் பார்த்துக் கைகளை நீட்டி, வில்லாக வளைந்து, இறக்கிவிடச் சொல்லி முனகினான். ஒன்பது மாதப் பிள்ளை. தயாளினி அவனை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். அவர்கள் போன பிறகு நாயுண்ணிப் பற்றையும் பனை வடலியும் எழும்பி, கிணற்றடி எது வாசல் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மூடிவிட்டன. அதற்குள், வேலிக்குக் கிட்டவே, இடுப்பளவு உயரத்தில் ஒரு புற்று. குணலட்சுமியின் சாதகத்தில் நாகதோஷம் இருக்கிறது, அதுதான் கலியாணம் தள்ளிப்போகிறது என்று நெல்லியடிச் சாத்திரியார் சொன்ன அதே கிழமைதான், அந்தப் புற்றடியில் ஒரு முழுப் பாம்புச்சட்டை கிடந்ததை அவள் கண்டாள். அதற்குப் பிறகு யோசிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வேலைக்குப் போகுமுன் பால், முட்டை, மெல்லிய குரலில் ஒரு பாட்டு. பின்னேரம் வந்து பார்த்தால் முட்டை இராது. சிரட்டை துடைத்து வைத்தமாதிரி இருக்கும். நாலு வருசமாக இப்படித்தான் போகிறது. சாத்திரியாரும் செத்துப்போனார். மாப்பிள்ளைதான் வரவில்லை.

தயாளினிக்கும் வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக அலைந்து களைத்து, இனி விட்டுவிடுவோம் என்று இருந்தபோதுதான் கோகுலன் வயிற்றில் வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் அவனைக் கையில் வாங்கிய குணலட்சுமி, "உமக்கும் சேர்த்துத்தான் முட்டை வைச்சனான், தயா" என்றாள். சொல்லிக் காட்டுகிற குரல் இல்லை அது. ஆனாலும் அந்த வசனம் தயாளினியின் வாயைக் கட்டிவிட்டது. தன் பிள்ளையை வாங்கித் தந்த பாம்புக்குச் சாப்பாடு போடாதே என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

ஆனபடியால் பிள்ளை நிலம் தொடாமல் வளர்ந்தான். தவழ்வது கட்டிலில் மட்டும். கதவு இடுக்கு, அரிசிச் சாக்கின் பின்பக்கம், தொட்டிலின் கீழ் எல்லாம் குனிந்து பார்த்த பிறகுதான் அவள் காலை வைப்பாள். ஒருநாள் கிணற்றடியில் சுருண்டு கிடந்த மோட்டர்க் குழாயைக் கண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு றோட்டுவரைக்கும் ஓடினாள். கிளினிக்கில் மருத்துவமாது, "அவனைக் கீழை விடும், பிள்ளை. மண்ணிலை அளைஞ்சால்தான் காலுக்குப் பலம் வரும். இவனென்ன மகாராசாவோ?" என்று பகிடி விட்டாள். தயாளினி சிரித்துவைத்தாள்.

கணவன் சிவதர்ஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா கும்பிட்டு வைக்கிறா. அது எங்களை ஒண்டும் செய்யாது."

"அது உங்களிட்டைச் சொன்னதோ?"

"என்னட்டைச் சொல்லேல்லை. அக்காவிட்டைச் சொல்லியிருக்கும்" என்று சிரித்தபடி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். தமக்கையை எதிர்த்து ஒரு சொல் கதைக்க அவனால் ஏலாது. அவனைப் படிப்பித்ததே அவள்தான்.

அடுத்த வியாழக்கிழமைதான் அது நடந்தது. உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்பினால் கட்டிலில் பிள்ளை இல்லை. எப்படி இறங்கினானோ, பின்வாசல் படியையும் தாண்டி, உடுப்புத் தோய்க்கிற கல்லடியில் மண்ணில் குந்தியிருந்தான். கன்னம் அசைந்தது. அவள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். முட்டை ஓட்டின் கோதுத் துண்டு. கல்லைச் சுற்றி இன்னும் கோதுகள் கிடந்தன. வீட்டில் அந்தக் கிழமை ஒருவரும் முட்டை உடைக்கவில்லை. புற்றடியில் வைத்த முட்டை வேலிக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறது. முட்டை தானாக வராது.

பின்னேரம் குணலட்சுமி வேலையால் வந்து, கைப்பையைக் கொழுவி, தேத்தண்ணியைக் கையில் எடுக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"மச்சாள், ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

தயாளினி கோதுத் துண்டை மேசையில் வைத்தாள். "பிள்ளையின்ரை வாய்க்குள்ளை இருந்து எடுத்தனான். தோய்க்கிற கல்லடியிலை கிடந்தது. அது வளவுக்குள்ளை வரத் தொடங்கியிட்டுது, மச்சாள். முட்டை வைக்கிறதை விடுங்கோ."

குணலட்சுமி கோதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உமக்கும் சேர்த்துத்தானே வைத்தேன் என்று இப்போது சொல்லப்போகிறாள் என்று தயாளினி காத்திருந்தாள். குணலட்சுமி அதைச் சொல்லவில்லை.

"நாளைக்கு ஒருக்கா வைக்கிறன்" என்றாள். "சொல்லாமல் கொள்ளாமல் விடக்கூடாது. சொல்லிப்போட்டு விடுறன்."

தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறியது. இரவு பசிக்கவில்லை என்று அவள் அறைக்குள்ளேயே இருந்துவிட்டாள். தயாளினிக்கும் சோறு இறங்கவில்லை. நாற்பது வயதில் ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை அறுத்துவிட்டோமே என்று ஒரு மனம் சொன்னது. பிள்ளையின் வாயை நினைத்துப் பார் என்று மற்ற மனம் சொன்னது.

வெள்ளி காலை பாட்டு வழக்கத்தைவிட நீண்டது. குணலட்சுமி பொட்டுக்குள்ளால் திரும்பி வந்து சீலை மாற்றப் போனாள். தயாளினி பின்கதவைக் கொழுவிவிட்டு, பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யன்னலடியில் நின்றாள். வருவதைத் தன் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்ற வெறி. கண்டபிறகு என்ன செய்வது என்று அவள் நினைக்கவில்லை.

வேலியின் அடியில் கிடுகு ஓலை அசைந்தது. முதலில் ஒரு முட்டை வந்தது. அதைக் கவ்விய வாய் வந்தது. பிறகு சாம்பல் மயிரும் சிவந்த கண்ணும் தேங்காய்த் தும்புபோல விரிந்த வாலுமாக முழு உடம்பும் வந்தது.

தயாளினி அறைப்பக்கம் தலையைத் திருப்பினாள். "மச்சாள்" என்று மெல்லக் கூப்பிட்டாள். "சத்தம் போடாமல் வாங்கோ."

சீலையின் கொய்யக மடிப்பை ஒரு கையில் பிடித்தபடி குணலட்சுமி வந்து பக்கத்தில் நின்றாள்.

கீரி அவசரப்படவில்லை. முட்டையைக் கல்லடியில் வைத்தது. கல்லுக்குப் புறங்காட்டி நின்று, முன்னங்காலிரண்டாலும் முட்டையை எடுத்து, பின்னங்கால்களின் இடையால் பின்னுக்கு எறிந்தது. குறி தவறியது. முட்டை மண்ணில் உருண்டது. கீரி சலிக்காமல் போய் உருட்டிவந்து, இன்னொருமுறை நின்ற இடத்தைச் சரிபார்த்து எறிந்தது. டொக் என்று ஒரு சத்தம். பிறகு உட்கார்ந்து, கண்ணை மூடி மூடி, மஞ்சட் கருவை நக்கியது.

கோகுலன் கையைத் தட்டினான். கீரி தலையை நிமிர்த்தி யன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தது.

"உதே?" என்றாள் குணலட்சுமி. "உதுக்கே நான் உவ்வளவு காலமும் பாட்டுப் படிச்சனான்?"

தயாளினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மச்சாளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் மச்சாளுடைய தோள்தான் முதலில் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு. கண்ணால் தண்ணீர் ஓட, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையில் பிடித்திருந்த கொய்யகம் அவிழ்ந்து நிலத்தில் விழுந்தது.

"தயா, உமக்கொண்டு சொல்லட்டே? பொட்டுக்குள்ளாலை குனியேக்கை ஒவ்வொருக்காலும் எனக்கு நெஞ்சு பறை அடிக்கும். கால் விறைச்சுப்போம். இண்டைக்கு எழும்பி நிண்டு படமெடுக்கப்போகுது எண்டுதான் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறது."

"நீங்கள் பயப்பிட்டதோ? ஒரு சொட்டுப் பாலும் சிந்துறேல்லையே."

"சிந்தினாக் கோவிக்கும் எண்டு பயம்."

இப்போது தயாளினிக்கும் அடக்க ஏலவில்லை. பிள்ளை இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தான். கொஞ்சம் அடங்கியதும் குணலட்சுமி கண்ணைத் துடைத்தாள்.

"முறையாத்தான் நான் வைக்கேல்லையோ, அதுதான் ஒண்டும் சரிவரேல்லையோ எண்டு நினைச்சு நினைச்சு... விடும். பாம்பு என்ரை கையாலை ஒண்டும் திண்டதேயில்லை."

"அப்ப இவன்?" கேட்டபிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தயாளினிக்குப் பட்டது.

குணலட்சுமி பிள்ளையின் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். "இவன் தன்ரை பாட்டிலை வந்தவன்" என்றாள்.

தயாளினி கதவுக் கொழுக்கியைத் தட்டிவிட்டாள். சத்தத்துக்குக் கீரி வேலிக்குள் மறைந்தது.

"கீரி திரியிற வளவுக்குள்ளை பாம்பு நிக்காது எண்டு சொல்லுறவை, மச்சாள்."

"அப்ப இனி நான் வைக்கிறதோ, விடுறதோ? நீர்தானே நேற்று விடச் சொன்னனீர்."

தயாளினி யோசித்தாள். வையுங்கோ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. முட்டையில் ருசி கண்ட கீரி மற்றப் பக்கத்து அயல்வீட்டுக் கோழிக்குஞ்சில் வாய் வைக்காது என்று யார் கண்டது? வைக்காமல் விட்டால் அது வேறு வளவு தேடிப் போய்விடாதா?

"எனக்குத் தெரியேல்லை" என்றாள்.

"எனக்கும் தெரியாது. வாற வெள்ளிக்குப் பாப்பம்" என்று குணலட்சுமி பின்படியில் குந்தினாள். சங்கக்கடை திறக்கிற நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் எழும்பவில்லை.

தயாளினி கோதுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு வந்து, முற்றத்தின் நடுவில் பிள்ளையை இறக்கிவிட்டாள். காலையில் கூட்டிய முற்றம். விளக்குமாற்று வரிகள் இன்னும் கலையாமல் வளைவு வளைவாகக் கிடந்தன. கோகுலன் மண்ணுக்குள் புதைந்த தன் விரல்களைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு ஒரு கையைத் தூக்கி முன்னுக்கு வைத்தான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரிகளைக் குறுக்கே அழித்துக்கொண்டு, இரண்டு முழங்கால் தடங்கள் முருங்கை நிழலையும் தாண்டி நீண்டுகொண்டு போயின.