மணிக்கட்டு நிறம்

"அந்தக் கையையும் கழுவுங்கப்பா" என்றாள் மகள்.

மயானத்து வாசலில் இருந்தது ஒரே குழாய். மண் போட்டுவிட்டு வந்தவர்கள் அதில்தான் முறைவைத்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் வலது கையை மட்டும் நீட்டினார். நகக்கண்ணில் ஏறிய மண்ணைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு நகர்ந்துகொண்டார். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. குழிக்குள் மண் போடும்போதும் அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

"கையில அடிகிடி பட்டிருக்கா மாப்பிள்ளை?" இறந்துபோனவளின் அண்ணன் கேட்டார்.

"இல்ல மச்சான்."

"அப்ப வெளிய எடுக்கறதுக்கு என்ன?"

விடமாட்டார் என்று தெரியும். பொத்தானைக் கழற்றிச் சட்டைக்கையை மேலே இழுத்தார். மணிக்கட்டுக்கு உள்பக்கம், தீப்பெட்டி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"அவ பாத்து வச்ச நிறம். இன்னைக்குச் சாயங்காலம் கண்காட்சி தொறக்கறதுக்குள்ள கேலரியில அவ படம் மாட்டற சுவரை அடிச்சு முடிக்கணும்."

"பொண்டாட்டியப் பொதச்ச கையோட வெள்ளையடிக்கப் போற ஆம்பளைய நான் இப்பத்தான் பாக்கறேன்."

"வெள்ளை இல்ல மச்சான், சாம்பல்."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னாலும் இதே மாதிரிதான் அடித்துக்கொண்டார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்தது போதாதென்று, அவளும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு படம் போடக் கிளம்பிய நாள் அது. "ஜாடிக்கேத்த மூடி" என்று அன்று சொன்னதைக் குடும்பத்தில் எல்லோரும் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வரைந்தாள்.

வேலை முடிந்து அவர் கொண்டுவரும் டப்பாக்களின் அடியில் மிஞ்சுவதுதான் அவளுக்கு வண்ணம். வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைதான் கேட்பார்கள். அதனால் அவளுக்குக் கிடைத்ததும் வெள்ளைதான். மஞ்சள் தட்டிய வெள்ளை, நீலம் பாய்ந்த வெள்ளை, பழைய பல்லின் வெள்ளை. அதையெல்லாம் வைத்து அவள் கொடியில் காயும் துணிகளை வரைந்தாள். படம் வீட்டுச் சுவர் அகலம். அதில் எந்தத் துணி எந்த வீட்டு டப்பா என்று அவளுக்கு அத்துப்படி. "இந்தப் போர்வை வக்கீல் வீடு. அந்தத் தலையணை உறை பல் டாக்டர் வீடு. ஊரையே தொவச்சுக் காயப்போட்டிருக்கேன்" என்பாள்.

பெண்கள் வரைந்தவை மட்டும் வைக்கும் கண்காட்சிக்கு அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார்கள். நுழைந்ததும் எதிரே தெரியும் சுவரை அதற்கென்று ஒதுக்கினார்கள். ஆனால் அது வெள்ளைச் சுவர். படத்தைச் சாய்த்து வைத்துப் புகைப்படம் எடுத்து, அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது அவள் போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"என் துணியெல்லாம் காணாமப் போச்சு."

சுவர் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம், எந்த நிறம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் கண்காட்சியை நடத்தும் அம்மாள். அன்றிலிருந்து அவள் கணவர் டப்பா மூடியில் சாயம் கலந்து, தன் கையில் தடவிக் காயவிட்டு, கட்டிலருகே நீட்டினார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காய்ந்ததைத்தான் நம்ப வேண்டும்.

"இது யானை."

கழுவிவிட்டு வந்தார்.

"இது உங்க அக்கா முகம், கல்யாணத்தன்னைக்கு."

மறுபடி கழுவினார். பேசவே மூச்சு வாங்கியவளுக்கு நக்கலுக்கு மட்டும் மூச்சு மிச்சமிருந்தது. நேற்றுக் காலை அவர் நீட்டிய கையை அவள் விடவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"இதுதான். கழுவிடாதீங்க."

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. ஆட்கள் ஓடி வந்து, ஓடிப் போய், எல்லாம் முடிந்து அவர் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் வைத்த மூடியைத் துப்புரவுப் பெண் குப்பையில் போட்டிருந்தாள். கண்பார்வையில் கலந்தது, கணக்கு ஏதும் கிடையாது. மிச்சம் இருந்தது மணிக்கட்டு ஒன்றுதான்.

மயானத்திலிருந்து நேரே போன கேலரியில் மகள் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவர் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். ஒரு பூச்சுப் பூசி, மின்விசிறியைத் திருப்பிக் காயவைத்து, கையை அருகே கொண்டுபோனார். நீலம் தூக்கலாக இருந்தது. காவி கொஞ்சம் சேர்த்தார். அடுத்த பூச்சு. அதற்கும் அடுத்தது. கடைசியில் மகள்தான் சொன்னாள்.

"அப்பா, கையும் சுவரும் ஒண்ணாயிடுச்சு."

வழக்கமாக ஓரத்தைத்தான் முதலில் அடிப்பார். அன்று நடுவிலிருந்து ஆரம்பித்தார். நடு காய்ந்துவிட்டால் படத்தை மாட்டிவிடலாம், ஓரம் ஈரமாகவே கிடக்கட்டும். அழுகை வந்தபோதும் உருளை நிற்கவில்லை. நிறுத்தினால் சுவரில் தடம் விழும்.

படம் ஏறியது. போர்வையும் தலையணை உறையும் சட்டைகளும் சுவரை விட்டு வெளியே வந்து காற்றில் நின்றன. கண்காட்சி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் கணவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். தான் ஆயுசு முழுக்க அடித்த வீடுகளெல்லாம் அவள் கையால் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. "என்னடி பண்ணி வச்சிருக்கே" என்று வாய்விட்டே சொன்னார்.

கதவைத் திறந்ததும் கூட்டம் நேரே அந்தச் சுவருக்குத்தான் வந்தது. மற்ற பெண்களின் படங்களுக்கு முன்னாலும் ஆட்கள் நின்றார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் முதலில் இங்கே ஒரு முறை நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

"தள்ளி, தள்ளி. ஓரம் ஈரம். சாயாதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். மச்சான். மயானத்துச் செம்மண் காலணியில் அப்படியே இருக்க, இரண்டு கையையும் விரித்துச் சுவருக்குக் காவல் நின்றார். யாரும் கேட்காமலே, "என் கூடப்பிறந்தவ போட்டது. என் தங்கச்சி" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் இவர் சட்டையில் தெறித்திருந்த சாம்பலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க இங்க வேலை பாக்கறவரா?"

"சுவர் நான் அடிச்சது. படம் என் வீட்டுக்காரி."

"அட! அவங்க எங்க? பாக்கலாமா?"

மச்சான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னைக்கு வர முடியல" என்றார் அவர். "படத்தை நல்லாப் பாருங்க. கிட்டப் போயிப் பாருங்க."

கூட்டம் கலைந்தபின் மகள் கைகழுவும் தொட்டிக் குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து நீட்டினாள்.

"இப்பவாவது கழுவுங்கப்பா. அதான் சுவரு முழுக்க இருக்கே."

அவர் தொட்டிவரை போனார். மணிக்கட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"தண்ணி வீணாப் போகுது பாரு" என்று குழாயை மூடினார். சட்டைக்கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.