இரண்டாம் ராணியின் மதிப்பு

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு இருந்த மரியாதையின் எடை சுமார் ஆறு கிராம். வட்ட வடிவம், மங்கிய மஞ்சள் நிறம். ஒரு பக்கம் குடத்தைச் சாய்த்து நிற்கும் பெண். மறுபக்கம் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து, அதன் கீழே 2 என்ற எண். இரண்டு பக்கத்திலும் குறுக்கே பள்ளமாக ஒரு கோடு. இதைப் பெரியப்பா ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தார். கூட்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். தலையணையை, வீட்டிலேயே காற்றோட்டமான முன்அறையில் வைத்திருந்தார்.

அந்தப் பெண் ஒரு ராணி என்பது பெரியப்பா சொல்லி நாங்கள் அறிந்த வரலாறு. 2 என்றால் இரண்டாம் ராணி. பட்டம் ஏற்ற அன்று குடிமக்களுக்குத் தன் கையாலேயே தண்ணீர் வார்த்தாளாம். குறுக்கே உள்ள கோடு? மன்னர் கோபத்தில் வாளால் கீறியது.

"ரெண்டு பக்கமுமா பெரியப்பா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கோபம் அதிகம்" என்றார்.

இளமையில் அவர் சில வருடங்கள் வெளிநாட்டில் 'நீர் மேலாண்மை'யில் இருந்தவர். அங்கே ஒரு கப்பல் கேப்டன் நட்பின் அடையாளமாக இந்தத் தங்க நாணயத்தைக் கொடுத்ததாகக் கேள்வி. கேள்வி என்ன, வாரம் ஒருமுறை நாங்களே காதால் கேட்டோம்.

பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணம் ஆகாத அண்ணனிடம் தங்க ராணி இருந்தால் தம்பிகளுக்குப் பாசம் தானாகச் சுரக்கும். சித்தப்பா மாதாமாதம் போன் செய்வார். "அண்ணா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க. ஏசி போட்டிருக்கேன்." அடுத்த வாரமே எங்கள் முன்அறைக்கும் ஏசி வந்தது. அப்பா அலுவலகத்தில் எடுத்த கடன்களில் எனக்குப் புரிந்த ஒரே கடன் அதுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாப்பிள்ளைக்கு எங்கள் ஊருக்கே மாற்றல் வரும்வரை. அக்காவும் அவரும் எங்களோடுதான் தங்குவது என்று முடிவானது. முடிவெடுத்தது அக்கா. அறை வேண்டும். அம்மா அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, எங்களுக்குக் கேட்காத குரலில், அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அந்த ராணியை வித்தா மாடியில ஒரு ரூம் போடலாம். எல்லாரும் நல்லா இருக்கலாம். இல்லேன்னா உங்கண்ணன் மாடிப்படிக்குக் கீழே போகட்டும். அதுவும் இல்லேன்னா உங்க தம்பி வீட்டுக்குப் போகட்டும். முன்ரூம் மாப்பிள்ளைக்கு. இதுக்கு மேல நான் பேசமாட்டேன்."

அதற்கு மேலும் அரைமணி நேரம் பேசினாள்.

மாடிப்படிக்குக் கீழே அப்போது குடியிருந்தவை ஓடாத டேபிள் ஃபேன் ஒன்று, காலி சிலிண்டர் ஒன்று, நான் கற்றுக்கொள்ளாத கிட்டார் ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

"ராணியை வெளிக்காத்துல கொண்டுபோகக் கூடாது. மங்கிடும்" என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார்.

"உள்காத்துலயே மங்கித்தான் இருக்கு அண்ணா. வாங்க" என்றார் அப்பா.

சித்தப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். சும்மா துணைக்கு என்றார். அண்ணனுக்கா ராணிக்கா என்று யாரும் கேட்கவில்லை. வண்டி ஓட்ட நான்.

பழைய நாணயங்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் அந்தக் கடை, ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து மாடிப்படித் திருப்பத்தில் ஒரே வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தாடையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பல்லுக்கு வந்தவர், சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் நாணயத்துக்கு வந்தவர். வெளியே வரும்போது இரு தரப்பாருக்கும் ஒரே முகம்.

கடையம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் தாலிச்சரடு நீளத்துக்கு ஒரு கயிறு, அதில் ஒரு லென்ஸ். மேசையில் கறுப்பு வெல்வெட் துணி, சின்னத் தராசு, காந்தத் துண்டு, தடிமன் பார்க்கும் கருவி. எங்களுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, பளபளவென்று மின்னும் ஒரு வெள்ளி நாணயத்தைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதால தேய்ச்சீங்க?" என்றார் கடையம்மா.

"பேஸ்ட்டுதான் மேடம். ஒரு வாரம், காலையும் மாலையும்."

"பழைய நாணயத்தைத் தேய்க்கவே கூடாது சார். ராஜாவோட மூக்கு எங்க?"

"தேய்ச்சதுல போயிருக்கும்."

"விலையும் அதோட போயிடுச்சு."

"நல்ல கம்பெனி பேஸ்ட் மேடம்."

"அப்ப கீழ டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சந்தோஷப்படுவார்."

அவர் எழுந்து போனதும் பெரியப்பா அமர்ந்தார். இரண்டு பக்கமும் இரண்டு தம்பிகள், கைதாங்க வந்தவர்கள்போல் நின்றார்கள். கண்ணாடிக் கூடு திறந்தது. கடையம்மா ராணியைச் சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் விளிம்பில் பிடித்து எடுத்தார். முகத்திலோ முதுகிலோ விரல் படவில்லை. எங்கள் வீட்டில் ராணியை அப்படி மரியாதையாக யாரும் தொட்டதில்லை. அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

காந்தத்தை அருகில் கொண்டுபோனார். ஒட்டவில்லை.

"பாத்தியா? தங்கம்" என்றார் பெரியப்பா.

"பித்தளையும் ஒட்டாது சார்." தராசில் வைத்தார். ஆறு கிராமுக்கு ஒரு துளி குறைவு. "தங்கமா இருந்தா இந்த அகலத்துக்கும் தடிமனுக்கும் இதைப்போல ரெண்டு மடங்கு கனக்கும்."

சித்தப்பா அரையடி பின்னால் நகர்ந்தார். நான் பார்த்தேன்.

"நாணயம்னா அதுல ரெண்டு விஷயம் இருக்கணும். எந்த நாடு, எவ்வளவு மதிப்பு. இதுல ரெண்டும் இல்ல. இந்தக் கோட்டைப் பாருங்க. வாசல்ல உட்கார்ந்து வாங்கறவன் விரலால தடவினாலே போதும், இது காசு இல்ல, நம்ம டோக்கன்தான்னு தெரிஞ்சுடும். அதுக்குத்தான் பள்ளமா போடறது."

வாளேந்திய மன்னர் அந்த இடத்திலேயே காலமானார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வெல்வெட்டைப் பார்த்தார்.

கடையம்மா லென்ஸைக் கண்ணில் வைத்து எழுத்தை மெதுவாகப் படித்தார். "ஒரு ஆள். ஒரு குளியல். சோப்பு தனி."

கீழ்மாடியில் யாருடைய பல்லையோ ராவும் சத்தம் கேட்டது.

"ராணியா சோப்பு தனின்னு சொன்னாங்க?" என்றார் சித்தப்பா.

"ராணியெல்லாம் இல்ல சார். பொதுக் குளியல் கூடத்துக்கு ஒரு அடையாளம், தண்ணி ஊத்தற பொண்ணு."

"அந்த ரெண்டு?" அப்பாவின் குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

"ரெண்டாம் வகுப்பு."

பாசம் வற்றுவதை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தமே வராது. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"டேய் தம்பி, நீ ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தே. அண்ணனை இனிமே உன் வீட்டுலயே வச்சுக்கோ. நான் குறுக்க நிக்கல."

"எங்க வீட்டுலயா? பெயிண்ட் வேலை நடக்குதே."

"ஏசி போட்டு ரெடியா இருக்குன்னியே?"

"ஏசி ரிப்பேர். பெயிண்ட் வாடை அண்ணனுக்கு ஒத்துக்காது. உங்க மாடிப்படிக்குக் கீழே நல்ல குளிர்ச்சின்னு அண்ணி சொன்னாங்களே?"

"அங்க சிலிண்டர் இருக்குடா."

"காலி சிலிண்டர்தானே?"

இவ்வளவும் பெரியப்பாவின் தலைக்கு மேலே, இடமும் வலமுமாக நடந்தது. அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார். தன் படுக்கை எங்கே போகிறது என்று அவரும் எங்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையம்மா பார்த்தார். குடும்பங்கள் அந்த மேசையில் உடைவது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, பேச்சை டோக்கனுக்கே இழுத்தார்.

"டோக்கனுக்கும் ஆள் இருக்காங்க சார், சேர்க்கறவங்க. இந்த அச்சு அந்த ஊர்ல மூணு குளியல் கூடத்துல ஓடியிருக்கு. துறைமுகத்துல ஒண்ணு, மார்க்கெட்ல ஒண்ணு, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒண்ணு. டோக்கனைப் பார்த்து எதுன்னு சொல்ல முடியாது. யார் கையிலேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் உண்டு. உங்களுக்கு யார் கொடுத்தது?"

"கேப்டன்" என்றார் பெரியப்பா. பழக்கம்.

"கேப்டன் எங்க குளிச்சார்?"

"கப்பல்ல."

"அப்ப ஒரு டீ விலை போகும்" என்று புத்தகத்தை மூடப் போனவர், பாதியில் நிறுத்தினார். "ஸ்டேஷன் டோக்கனா இருந்திருந்தா வேற கதை. அது கிடைக்கறதே இல்ல. அந்த இடத்தை மூடி, டோக்கனையெல்லாம் உருக்கிட்டாங்க. ரொம்ப அழுக்கா இருந்ததாம். ரெண்டு நாளைக்கு ஒரே தண்ணியை வச்சிருப்பாங்களாம். இதோ, எழுதியிருக்கு."

பெரியப்பாவின் கை நின்றது.

"யார் எழுதினது?"

"புத்தகத்துல..."

"எழுதினவன் அங்க குளிச்சானா? கேளுங்க. குளிச்சானா?" பெரியப்பா எழுந்துவிட்டார். "ஒரே தண்ணியா? விடியறதுக்கு முன்னாடி தொட்டித் தண்ணியை இறக்கி, முட்டி போட்டு, கல்லு கல்லா தேய்ச்சு, புதுத் தண்ணி ஏத்தினவன் நான். முதல் வகுப்புல வேணும்னா அழுக்கு இருந்திருக்கும். அதை வேற ஒருத்தன் பார்த்தான், சோம்பேறி. என் ரெண்டாம் வகுப்புல தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்! தண்ணி பத்தலைன்னு மூடினான், ஊர் முழுக்க வறட்சி. அழுக்காம்ல அழுக்கு!"

கீழே ராவுவதுகூட நின்றுவிட்டது.

பார்த்த வேலையைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நீர் மேலாண்மை என்றுதான் எப்போதும் சொல்லிவந்தார்.

கடையம்மா அலட்டிக்கொள்ளவில்லை. நாணயம் போடும் சின்ன அட்டை உறை ஒன்றை எடுத்து, எந்தப் பக்கம் வாசல், தொட்டி எத்தனை, கடைசி நாளன்று இது எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பெரியப்பாவும் நின்றபடியே, நீதிபதி முன்னால் சாட்சி சொல்வதுபோல் சொன்னார். கேப்டன் பக்கமே போகவில்லை.

"இப்ப விலை கூடும் சார். அங்க வேலை பார்த்தவரே சொன்னதுன்னு இருக்குல்ல? நல்ல ஜோடி செருப்பு ஒண்ணு வாங்கலாம்."

"மாடியில ரூம்...?" என்றார் அப்பா, கடைசி ஆசையாக.

"மாடி ஏற செருப்பு" என்றார் கடையம்மா.

பெரியப்பா அவரிடமே விற்றுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. "அட்டையில சுத்தமா இருந்ததுன்னு எழுதுங்க."

"அட்டையில சுத்தம்னு எழுதினா டோக்கனைத் தேய்ச்சுட்டாங்கன்னு நினைப்பாங்க சார். விலை இறங்கும்."

"இறங்கட்டும். எழுதுங்க."

அட்டையின் பின்பக்கம் எழுதினார். 'கூடம் சுத்தமாக இருந்தது என்று ஊழியர் கூறுகிறார்.' பெரியப்பா வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சித்தப்பா பாதியிலேயே இறங்கிக்கொண்டார், பெயிண்டர் காத்திருப்பாராம். வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பித்தளை, குளியல், சோப்பு, தொட்டி. பெரியப்பா யாரும் சொல்லாமலே முன்அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவைக்கத் தொடங்கினார். மாடிப்படிக்குக் கீழே இருந்த கிட்டாரை நான் எடுக்கலாமா என்று யோசித்தேன்.

அம்மா முன்அறையை எட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், இந்தத் தடவை நிஜமாகவே சின்னக் குரலில் கேட்டாள்.

"அவர் பாத்ரூம் கழுவறவரா?"

"ஆமாம்" என்றார் அப்பா, குற்றம் தன்னுடையதுபோல.

"தொழிலாவே?"

"தொழிலாவே."

"இந்த வீட்டுக்கு வந்த நாளா அந்தப் பாத்ரூமோட நான் மல்லுக்கு நிக்கறேன். முட்டி தேஞ்சுபோச்சு. தொழில் தெரிஞ்ச மனுஷன் முன்ரூம்ல ஏசி போட்டுக்கிட்டுப் பேப்பர் படிச்சிட்டிருந்தாரா?"

பெரியப்பா பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, எங்களைக் கடந்து குளியலறைக்குள் போனார். விளக்கைப் போட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யார் இதைத் தேய்க்கறது?"

"நான்தான்" என்றாள் அம்மா, விறைப்பாக.

"கீழேயிருந்து மேல தேய்ச்சிருக்கியேம்மா. அழுக்குத் தண்ணி தேய்ச்ச இடத்துலயே வழியுது பாரு. டேய், ஒரு பழைய பல் பிரஷ், வினிகர் இருந்தா வினிகர், இல்லேன்னா எலுமிச்சம்பழம். கதவைச் சாத்திட்டுப் போ."

இருட்டுவதற்குள் கதவு திறந்தது. அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தச் சுவர் வெள்ளையா?"

"ஆமாம்."

"க்ரீம் கலர்னு நினைச்சு அதுக்கு மேட்சா பக்கெட் வாங்கினேனே."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போனது. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லி.

"பெரியப்பா மாடிப்படிக்குக் கீழன்னு சொன்னீங்களேம்மா?" என்று அக்கா கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"அங்க ஈரம்டி. அவருக்கு முட்டி பிடிச்சுக்கிட்டா நீ வந்து தேய்ப்பியா? மாப்பிள்ளையை நான் விசாரிச்சதாச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சித்தி போன் செய்தாள். அவர்கள் வீட்டு டைல்ஸில் ஏதோ மஞ்சள் படிகிறதாம். பெரியவரை ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் அனுப்பச் சொன்னாள். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்: "அனுப்பினீங்கன்னா திருப்பித் தரமாட்டாங்க."

திங்கட்கிழமை காலையில் அப்பா தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தார். பெரியப்பா கைகட்டிக் குறுக்கே நின்றார்.

"இப்பத்தான் தேய்ச்சேன். காயணும். அப்புறம் வா."

"ஆபீசுக்கு நேரமாச்சு அண்ணா."

"அப்ப நேத்தே குளிச்சிருக்கணும்."

அப்பா துண்டை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன்.