இடைக்கோட்டில் ஒரு குடும்பம்

பத்மரஞ்சினியின் குடும்பம், ‘தமிழ்-கனேடியர்’ என்று எழுதும்போது நடுவில் போடும் இடைக்கோட்டில் குடியிருந்தது. ஒரு முனையில் ‘தமிழ்’ என்ற கதவு. மறுமுனையில் ‘கனேடியர்’ என்ற கதவு. நடுவில் நீண்டுகிடந்த ஒடுங்கிய நடைவழிதான் வீடு.

கட்டிலை விரித்தால் ஆள் நடக்க முடியாது. ஆகவே பகலில் அதைச் சுவரில் நிமிர்த்தி வைப்பார்கள். சன்னல் கிடையாது. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குடிவந்த புதிதில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு கதவையும் தொடலாம். யாராவது பாராட்டினால்தான் நடைவழி நீளும். ஒரு பொங்கலுக்கு நகரசபை உறுப்பினர் ஒருவர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். “உங்களைப் போன்றவர்கள்தான் இந்த நாட்டின் அழகு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் கதவுவரை போய்வரப் பத்மரஞ்சினியின் கணவர் இராசநாயகம் சைக்கிள் வாங்கவேண்டியிருந்தது. அவர் கணக்காளர். நீளம் கூடுவதை அவர் ஒரு செலவாக எடுத்துக்கொண்டார்.

மகள் ஆரபி அந்த நடைவழியிலேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயது வந்ததும் ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு ஒரு சன்னல் வேணும்.”

“சன்னலுக்கு அறை வேணும், பிள்ளை” என்றாள் பத்மரஞ்சினி.

“அப்ப அறை வேணும்.”

இராசநாயகம் யோசித்தார். சொந்தக் கதவை முதலில் தட்டிப் பார்ப்பதுதான் முறை என்றார். மூவரும் புறப்பட்டு ‘தமிழ்’ கதவைத் தட்டினார்கள்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே ஒரு மனிதரின் பாதி முகம் தெரிந்தது.

“ஆர்?”

“தமிழ் ஆக்கள்தான். பிள்ளைக்கு ஒரு அறை கேட்டு வந்தனாங்கள்.”

“சந்தோசம். எந்த ஊர்?”

இராசநாயகம் ஊரைச் சொன்னார். பாதி முகம் மலர்ந்தது.

“அட, எங்கட பக்கம். அந்த ஊரிலை எவ்விடம்?”

இராசநாயகம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

“கோயிலுக்குக் கிழக்காலையோ, மேற்காலையோ?”

“அப்பா, ஏன் பேசாம நிக்கிறீங்கள்? சொல்லுங்கோவன்” என்றாள் ஆரபி.

“கிழக்காலை” என்றார் இராசநாயகம்.

பாதி முகம் கால் முகமாகியது. பிறகு ஒரு கண் மட்டும் நின்றது. “அறையெல்லாம் முடிஞ்சுது” என்றது அந்தக் கண். கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

திரும்பி வரும் வழியில் ஆரபி கேட்டாள். “கிழக்காலை எண்டால் என்னப்பா?”

“அது ஒரு திசை, பிள்ளை.”

மறுநாள் எதிர்முனைக்குப் போனார்கள். ‘கனேடியர்’ கதவு அகலத் திறந்திருந்தது. வாசலில் டோரதி என்ற பெண் அலுவலர் இருந்தாள். அவள் எல்லாரோடும் அன்பாக இருப்பவள். அச்சுத் தமிழில் பேசுவாள்.

“வாருங்கள், வாருங்கள். மகள் தாராளமாக உள்ளே வரலாம். முன்னால் இருப்பதை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டும்.”

“முன்னாலை என்ன இருக்கு?” என்றாள் பத்மரஞ்சினி.

டோரதி அவளையும் இராசநாயகத்தையும் பார்த்துப் புன்னகைத்தாள். அப்போதுதான் அவர்கள் இருவரும் ஆரபிக்கு முன்னால் நிற்பது அவர்களுக்கே தெரிந்தது.

இராசநாயகம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பத்மரஞ்சினியும் ஒட்டிக்கொண்டாள். மகள் போவதற்கு இடம் கிடைத்தது.

“பிள்ளையை வந்து பாக்கலாமோ?”

“விழா நாட்களில் வரலாம். உங்கள் உடை உடுத்தி வாருங்கள். உணவும் கொண்டு வாருங்கள். உங்கள் உணவு எனக்கு மிகவும் பிடிக்கும்.”

பத்மரஞ்சினி இடியப்பப் பொதியை மகளிடம் நீட்டினாள். அதுவும் முன்பகுதியில் சேரும் என்று டோரதி வருத்தத்தோடு சொன்னாள். பொதியை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டாள்.

ஆரபி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முன்னும் பின்னும் மாறிவிடும் என்று டோரதி எச்சரித்திருந்தாள்.

உள்ளே அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. சன்னலும் கிடைத்தது. சன்னலில் ஓர் ஏரி இருந்தது. தொலைபேசியில் அதைச் சொல்லும்போது அவள் குரல் இனிமையாக இருந்தது. பத்மரஞ்சினி அந்த வாரம் முழுவதும் ஏரியைப் பற்றியே பேசினாள்.

பிறகு அயலவர்கள் பழக வந்தார்கள். நல்ல மனிதர்கள். நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். இங்கேயிருந்துதான் என்றாள் ஆரபி. அது சரி, உண்மையில் எங்கேயிருந்து என்று கேட்டார்கள். இங்கேயிருந்துதான் என்று மறுபடி சொன்னாள். அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருக்கக் காத்திருக்கச் சன்னல் சிறுத்தது. ஏரி ஒரு கிண்ணத்துத் தண்ணீர் அளவுக்கு வந்தது. ஒரு காலையில் அந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய சுவர் இருந்தது.

டோரதி அவளைக் கூப்பிட்டாள்.

“உங்களுக்கு ஓர் இடைக்கோடு தேவைப்படுகிறது.”

“நான் அதை விட்டுட்டுத்தானே வந்தனான்?”

“முன்பகுதியைத்தான் விட்டீர்கள். கோடு உங்களுடையதுதான்.”

இப்படி ஆரபிக்குத் தனியாக ஒரு நடைவழி கிடைத்தது. அதற்கு ஒரு முனையில்தான் கதவு. மறுமுனையில் ஒன்றுமில்லை. நடைவழி அப்படியே தொடங்கிவிடும்.

அது பெற்றோரின் நடைவழிக்கு நேர் கீழே இருந்தது. கட்டிலை விரிக்கும்போது கீழே யாரோ இருமுவதைப் பத்மரஞ்சினி கேட்டாள். அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

இராசநாயகம் கடப்பாரை போன்ற இரும்பு அலவாங்கு ஒன்று தேடி எடுத்து நிலத்தை இடிக்கத் தொடங்கினார். டோரதி ஓடி வந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் இருந்தது.

“என்ன செய்கிறீர்கள்?”

“எங்கட பிள்ளை கீழை இருக்கு. ரெண்டு வீட்டையும் ஒண்டாக்கப் போறன்.”

“முடியாது. ஒரு கோட்டின் கீழ் இன்னொரு கோட்டைச் சேர்த்தால் அது சமக்குறி ஆகிவிடும். சமக்குறிக்கு இங்கே அனுமதி இல்லை.”

இராசநாயகம் கணக்காளர். அவருக்கு அது உடனே விளங்கியது. அலவாங்கைக் கீழே வைத்தார். டோரதி அதை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, தன்னை மன்னிக்க வேண்டும் என்றாள்.

பத்மரஞ்சினி நிலத்தில் குப்புறப் படுத்தாள். இடித்த இடத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதில் வாயை வைத்தாள்.

“பிள்ளை, சாப்பிட்டியோ?”

“ஓம், அம்மா.”

“அங்கை குளிரோ?”

“அவ்வளவு இல்லை.” ஆரபி இருமினாள். “அம்மா, நாளைக்கு என்னைக் கதவடிக்குத் திரும்பவும் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கினம். எங்கையிருந்து எண்டு கேட்டால் என்ன சொல்ல?”

“மேலையிருந்து எண்டு சொல்லு.”

“மேலை ஆர் இருக்கினம் எண்டு கேப்பினம்.”

பத்மரஞ்சினி கணவரைப் பார்த்தாள். இராசநாயகம் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்ட மண் இல்லாதபோதும் தட்டினார்.

“ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு. அப்பதான் உன்னை உள்ளுக்கு விடுவினம்.”

கீழே ஆரபி அதைச் சொல்லிப் பழகத் தொடங்கினாள். முதலில் அவளுக்கு வாய் வரவில்லை. பத்மரஞ்சினி மேலிருந்து எடுத்துக்கொடுத்தாள். பிறகு நன்றாக வந்தது.